பூத் ஏஜெண்டாக உட்காரப் போகிறேன்: ஈவிஎம்மில் நம் கண்ணால் சரிபார்க்க முடிந்தது எது, நம்பித்தான் ஆக வேண்டியது எது?

களக்காட்டுக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். வருகிற தேர்தலில் எங்கள் ஊர்ப் பூத்தில் ஒரு சுயேச்சை வேட்பாளருக்கு ஏஜெண்டாக உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். வாழைக்கு விலை, குளத்து மடை என்று ஊர்க்காரர்களோடு நின்றவர், அதனால் சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கு இது முதல் தடவை.

வீட்டில் பேச்சு எடுத்தாலே இரண்டு பக்கமும் இழுக்கிறார்கள். சித்தப்பா, "எந்தப் பட்டனை அமுக்கினாலும் ஒருத்தனுக்குத்தான் விழும், நீ போய் உட்கார்ந்து என்ன செய்யப் போற" என்கிறார். அண்ணன், "உச்ச நீதிமன்றமே சொல்லியாச்சு, இனி சந்தேகப்படுகிறவனுக்கு வேறு வேலை இல்லை" என்கிறான். இரண்டு பேரும் இயந்திரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் இல்லை. ஓட்டுப் போட்ட அந்த அரை நிமிடம்தான் அவர்களுக்கும் எனக்கும் தெரிந்தது. ஜெயித்த கட்சி வாயைத் திறக்காது, தோற்ற கட்சி இயந்திரத்தைத் திட்டும், அடுத்த தேர்தலில் இடம் மாறிக்கொள்வார்கள், இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

அதனால் ஹேக் பண்ண முடியுமா முடியாதா என்ற சண்டை இங்கே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த அறையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்காரப் போகிற ஒரு சாதாரண ஆள், இன்ஜினியர் கிடையாது, என் கண்ணாலும் கையாலும் எதை உறுதிப்படுத்திக்கொள்ள முடியும்? எது என் கைக்கு எட்டாதது? ஏதாவது தப்பாகத் தெரிந்தால் யாரிடம், எத்தனை நாளுக்குள், என்ன காகிதத்தோடு போய் நிற்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு_ஹெச்எம்_சேரன்மகாதேவி:

அம்மா, முதலில் காலை ஐந்து மணிக்கே பூத்துக்குப் போய்விடுங்கள். ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் ஐந்தரைக்கு மாக் போல், அதாவது சோதனை வாக்குப்பதிவு, ஆரம்பிக்கும். ஏஜெண்டுகள் வரவில்லை என்றால் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அவர்கள் இல்லாமலே நடத்தலாம் என்று விதி இருக்கிறது, நான் பிரிசைடிங் ஆபிசராக, அதாவது பூத்தின் தலைமை அதிகாரியாக, போன பல பூத்துகளில் நாங்களே மாறி மாறிப் பட்டனை அமுக்கித்தான் முடித்திருக்கிறோம், பெரிய கட்சி ஏஜெண்டுகள் டீ குடித்துவிட்டு ஆறரைக்கு வந்து கையெழுத்து மட்டும் போடுவார்கள். இயந்திரத்தைப் பற்றி ஊரெல்லாம் சந்தேகம் பேசுகிற நாட்டில், அதைச் சோதிக்கச் சட்டம் கொடுத்திருக்கிற ஒன்றரை மணி நேரத்தை வீணாக்குவது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மாக் போலில் குறைந்தது 50 ஓட்டு போட வேண்டும், நோட்டாவையும் சேர்த்து ஒவ்வொரு பட்டனுக்கும் ஓர் ஓட்டாவது விழ வேண்டும். யார் யாருக்கு எத்தனை போட்டோம் என்று நீங்கள் தனியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் கண்ட்ரோல் யூனிட்டில் (ஓட்டைக் கணக்கு வைக்கிற பெட்டி) வருகிற எண்ணும், விவிபேட் (யாருக்கு ஓட்டு விழுந்தது என்று காகிதச் சீட்டில் காட்டுகிற கருவி) பெட்டிக்குள் விழுந்த சீட்டும், உங்கள் தாளும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம் முக்கியமான வேலை: அந்த 50 ஓட்டையும் அழிக்க வேண்டும். குளோஸ், ரிசல்ட், கிளியர் என்று மூன்று பட்டன், இந்த வரிசையில். அழித்ததும் டோட்டல் பட்டனை அமுக்கி பூஜ்யம் காட்டச் சொல்லிப் பாருங்கள். சோதனைச் சீட்டுகளை வெளியே எடுத்து, பின்பக்கம் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு சீல் வைப்பார்கள், விவிபேட் பெட்டி காலியாக இருப்பதையும் எட்டிப் பாருங்கள். தூக்கக் கலக்கத்தில் கிளியர் பண்ண மறந்துவிட்டு வாக்குப்பதிவைத் தொடங்கி, எண்ணும் நாளில் கணக்கு இடிக்கிற பூத்துகள் உண்டு. வாட்ஸப்பில் "ஓட்டு கூடிவிட்டது" என்று சுற்றுகிற கதைகளில் சிலவற்றுக்கு ஆணிவேர் இந்த மறதிதான்.

பிறகு பச்சை நிறத்தில் ஒரு காகித சீல் கண்ட்ரோல் யூனிட்டில் வைப்பார்கள். அதில் ஏஜெண்டுகளும் கையெழுத்துப் போடலாம், போடுங்கள். அதன் எண்ணையும், கண்ட்ரோல் யூனிட், பேலட் யூனிட் (ஓட்டுப் போடுகிறவர் பட்டன் அமுக்குகிற பெட்டி), விவிபேட் மூன்றின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பூத்துக்கு எந்த எண் இயந்திரம் என்ற பட்டியலை வேட்பாளர்களுக்கு முன்னாடியே கொடுத்துவிடுவார்கள், உங்கள் வேட்பாளரிடம் அதை வாங்கிக் கையில் வைத்திருந்தால் வந்திருக்கிற இயந்திரம் அதுதானா என்று அங்கேயே ஒத்துப் பார்க்கலாம்.

பகலில் எப்போது வேண்டுமானாலும் டோட்டல் பட்டனில் மொத்த ஓட்டு தெரியும். யாருக்கு எவ்வளவு என்று தெரியாது, மொத்தம் மட்டும். 17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் எத்தனை பேர் கையெழுத்து அல்லது ரேகை வைத்திருக்கிறார்களோ அதுவும் இதுவும் கூடவே நடக்க வேண்டும்.

சாயங்காலம் குளோஸ் பட்டன் அமுக்கியதும் 17சி என்று ஒரு படிவம் எழுதுவார்கள். பூத்தில் மொத்தம் எத்தனை வாக்காளர், எத்தனை ஓட்டு பதிவானது, எந்தெந்த எண் சீல், எந்தெந்த எண் இயந்திரம், எல்லாம் அதில் இருக்கும். அதன் நகல் ஏஜெண்டுக்குக் கொடுக்கப்பட வேண்டியது, அது உங்கள் உரிமை. 2024 மக்களவைத் தேர்தலின்போது பூத் வாரியாக இந்த எண்ணிக்கையை எல்லோருக்கும் வெளியிடச் சொல்லி உச்ச நீதிமன்றத்துக்கே போனார்கள், ஏஜெண்டைத் தவிர வேறு யாருக்கும் 17சி கொடுக்கச் சட்டத்தில் கடமை இல்லை என்று தேர்தல் ஆணையம் வாதாடியது. அந்த வாதம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அதன்படி பார்த்தால் உங்கள் ஊர் ஓட்டுக் கணக்கு வெளியே வருகிற ஒரே வழி நீங்கள்தான்.

நிரலன்_பாளை:

ஹெச்எம் சார் சொன்னது எல்லாம் பூத்தில் நடக்கிற பக்கம். நான் சிப்புக்கு நிரல் எழுதுகிற வேலையில் இருக்கிறேன், பாளையங்கோட்டைதான் சொந்த ஊர், இப்போது சென்னை. கைக்கு எட்டாத பக்கத்தை நான் சொல்கிறேன்.

பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனமும் ஹைதராபாத் ஈசிஐஎல் நிறுவனமும்தான் இந்த இயந்திரங்களைச் செய்கின்றன, இரண்டும் அரசு நிறுவனங்கள். உள்ளே இருக்கிற மூலநிரல் பொதுமக்களுக்கு வெளியிடப்படவில்லை. மாக் போலில் 50 ஓட்டு சரியாக விழுந்தது என்றால் அந்த 50 ஓட்டு சரி, அவ்வளவுதான் ஒரு நிரல் எழுதுகிறவனாக நான் சத்தியம் பண்ண முடியும். இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைத்தால் நியாயம் இல்லை. கண்ட்ரோல் யூனிட்டுக்குக் கட்சி தெரியாது, ஒன்றாவது பட்டன், இரண்டாவது பட்டன் என்றுதான் தெரியும். யார் எத்தனாவது இடம் என்பது வேட்புமனு எல்லாம் முடிந்த பிறகுதான் முடிவாகும், அதுவும் தொகுதிக்குத் தொகுதி மாறும். எந்த இயந்திரம் எந்தப் பூத்துக்கு என்பதும் இரண்டு தடவை கலைத்துப் போடப்படுகிறது. இணையத்தோடு தொடர்பு கிடையாது. ஆகவே எங்கோ உட்கார்ந்துகொண்டு மாநிலம் முழுக்கத் திருப்பிவிடலாம் என்று சொல்கிறவர்கள் வழியைக் காட்டிவிட்டுப் பேச வேண்டும். ஆனால் விவிபேட் வந்த பிறகு அதில் சின்னத்தை ஏற்ற வேண்டியிருக்கிறது, அதற்கு ஒரு தனிக் கருவி. எந்தச் சின்னம் எந்த இடம் என்ற விவரம் இயந்திரத்துக்கு உள்ளே போகிற இடம் அது ஒன்றுதான். எல்லா விவிபேட் சீட்டையும் எண்ணச் சொன்ன கோரிக்கையைத் தள்ளிய 2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் அந்தச் சின்னம் ஏற்றும் கருவியைச் சீல் வைத்து முடிவு அறிவித்த பிறகு 45 நாள் பத்திரமாக வைக்கச் சொன்னது.

எனக்கு உண்மையான குறை எங்கே என்றால், காகிதச் சீட்டு இருக்கிறது, அதை எண்ணுவது இல்லை. 2013-ல் உச்ச நீதிமன்றம் விவிபேட் கட்டாயம் வேண்டும் என்றது, 2019-லிருந்து எல்லாப் பூத்திலும் இருக்கிறது. ஆனால் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து பூத் மட்டும் குலுக்கி எடுத்துச் சீட்டை எண்ணுகிறார்கள். முதலில் ஒன்று என்று இருந்ததை 2019 ஏப்ரலில் நீதிமன்றம் ஐந்தாக்கியது. திருநெல்வேலி மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதி, அப்படியானால் மொத்தம் 30 பூத்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், பொறுமையாகப் பாருங்கள். ஒரு தொகுதியில் 300 பூத் என்று வைத்துக்கொள்வோம், அதில் 3 பூத்தில் கோளாறு. ஐந்து பூத்தைக் குலுக்கி எடுத்தால் அந்த மூன்றில் ஒன்றுகூட மாட்டாமல் போக நூற்றுக்கு 95 வாய்ப்பு. 30 பூத்தில் கோளாறு என்றாலும் நூற்றுக்கு 59 தடவை தப்பித்துவிடும். அதே நேரம் 234 தொகுதியிலும் தலா 3 பூத்தில் ஒருவன் கை வைத்தான் என்றால், 234 தடவை குலுக்கலில் எங்காவது ஓர் இடத்தில் மாட்டியே தீருவான், தப்பிக்க லட்சத்தில் ஒரு வாய்ப்புகூடக் கிடையாது. அதாவது இந்த ஐந்து பூத் விதி மாநில ஆட்சியையே களவாடுவதைப் பிடித்துவிடும். நூறு ஓட்டில் ஜெயிக்கிற தோற்கிற ஒரு தனித் தொகுதியை அதனால் காப்பாற்ற முடியாது.

இதுவரை எண்ணிய நான்கு கோடிக்கு மேற்பட்ட சீட்டுகளில் ஓட்டு இடம் மாறவில்லை என்று ஆணையம் நீதிமன்றத்தில் சொன்னது, அது சின்ன விஷயம் இல்லை, நான் மதிக்கிறேன். அப்படி இருக்கும்போது வித்தியாசம் குறைவான தொகுதியில் கூடுதல் பூத்துகளை எண்ணினால் என்ன குறைந்துவிடும்? அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் 2017-லிருந்து வெற்றி வித்தியாசத்தை வைத்துத்தான் எத்தனை சீட்டு எண்ண வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். ஜெர்மனியில் 2009-ல் அரசியல் சட்ட நீதிமன்றம், ஓட்டும் எண்ணிக்கையும் சரியாக நடந்ததா என்பதைத் தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் தானே சரிபார்க்க முடிய வேண்டும் என்று சொல்லி, அங்கே பயன்படுத்திய இயந்திரங்கள் செல்லாது என்றது. அந்த நாட்டு இயந்திரத்தில் காகிதச் சீட்டே கிடையாது, நம்முடையதில் இருக்கிறது, அதனால் அதை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. ஆனால் அந்தத் தீர்ப்பு கேட்ட கேள்வியும் களக்காட்டுச் சகோதரி இங்கே கேட்டிருப்பதும் ஒன்றுதான்.

திசையன்விளை_அண்ணாச்சி:

தம்பி சொன்ன "நூறு ஓட்டுத் தொகுதி"க்கு வெளியூர் போக வேண்டாம், எங்கள் இராதாபுரத்தையே பாருங்கள். 2016 சட்டமன்றத் தேர்தலில் 49 ஓட்டு வித்தியாசம். இன்பதுரை ஜெயித்தார் என்று அறிவித்தார்கள், அப்பாவு வழக்குப் போட்டார். நான் இரண்டு பேர் கட்சியும் இல்லை, எண்ணும் இடத்து மேஜைகளில் பல தேர்தல் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சண்டையின் மையம் அதில் இயந்திரம் இல்லை, தபால் ஓட்டு. 203 தபால் ஓட்டை, நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பம் போட்டது செல்லாது என்று தள்ளிவிட்டார்கள் என்பதுதான் பெரிய குறை. கூடவே கடைசி மூன்று சுற்று, 19, 20, 21, அதையும் திரும்ப எண்ண வேண்டும் என்று கேட்டார். உயர் நீதிமன்றம் 2019 அக்டோபரில் மறு எண்ணிக்கைக்கு உத்தரவு போட்டது, சென்னையில் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். எண்ணின முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அப்படியே 2021 வந்தது, சட்டமன்றத்தின் காலமே முடிந்தது, அடுத்த தேர்தலும் நடந்துவிட்டது. ஓட்டுப் போட்ட இராதாபுரத்து மக்கள் ஐந்து வருடமும் தங்கள் எம்எல்ஏ யார் என்பதில் தீராத வழக்கோடு இருந்தார்கள். எண்ணி முடித்த தாளை வைத்துக்கொண்டு ஜனங்களிடம் சொல்லாமல் இருக்க வேண்டியிருந்ததே, அதுதான் எனக்கு இன்னும் மனசில் கிடக்கிறது. தேர்தல் வழக்குக்கு ஆறு மாதம் என்று கறாராகக் காலம் வைக்காவிட்டால் நல்ல இயந்திரம், நல்ல படிவம், நல்ல ஏஜெண்ட் எல்லாம் இருந்தும் பலன் இல்லை.

இன்னொன்று பாருங்கள். ஹரியானாவில் பானிபட் மாவட்டத்தில் ஒரு கிராமப் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல், 2022 நவம்பரில் நடந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், இயந்திரங்களை டெல்லிக்கே வரவழைத்து நீதிமன்ற அதிகாரி முன்னால் எண்ணினார்கள், வீடியோவும் எடுத்தார்கள். முடிவு மாறிவிட்டது, தோற்றார் என்று சொன்னவர் 51 ஓட்டில் ஜெயித்தவர் ஆனார், அவர் பதவி ஏற்றது 2025 ஆகஸ்டில். இயந்திரத்துக்குள் இருந்த எண் சரியாகத்தான் இருந்தது, அதிலிருந்து எழுதி எடுத்த கணக்குதான் தவறு. ஆகவே எண்ணும் மேஜையில் உட்காருகிறவர்கள் தூங்கக் கூடாது. கண்ட்ரோல் யூனிட்டைத் தூக்கி மேஜையில் வைத்ததும் முதலில் அதன் எண், அப்புறம் சீல், அப்புறம் மொத்த ஓட்டு 17சி-யோடு ஒத்துப் போகிறதா, அதற்கு அப்புறம்தான் ரிசல்ட் பட்டன். ஒவ்வொரு வேட்பாளருக்கும் வருகிற எண்ணைக் காட்டச் சொல்லி எழுத வேண்டும். அவசரப்படுத்துவார்கள், "இன்னும் எத்தனை ரவுண்டு இருக்கு பார்த்தீங்களா" என்பார்கள். இருக்கட்டும், இன்னொரு தடவை காட்டுங்கள் என்று கேளுங்கள், கேட்க உரிமை இருக்கிறது.

பூத்திலிருந்து ஸ்ட்ராங் ரூம் வரைக்கும் உள்ள வழியையும் விட்டுவிடாதீர்கள். 2021-ல் சென்னை வேளச்சேரியில் இயந்திரங்களை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோனதை ஜனங்கள் மறித்துப் பிடித்தார்கள். அதில் ஒரு விவிபேட், கொஞ்ச நேரம் பயன்பாட்டில் இருந்து கோளாறு என்று மாற்றியது. கடைசியில் அந்தப் பூத்துக்கு ஏப்ரல் 17-ல் மறுவாக்குப்பதிவு வைத்தார்கள். களவு நடந்தது என்று நான் சொல்லவில்லை, பொறுப்பில்லாத்தனம் நடந்தது, அதை ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள், அந்தப் படம் எத்தனை பேர் மனசில் நின்றுவிட்டது என்று யோசியுங்கள். இங்கே அரசு பொறியியல் கல்லூரியில் வைத்த பிறகு வாசலில் முகவர்கள் இருக்கலாம், தங்கள் சீலும் வைக்கலாம். சுயேச்சை என்றாலும் முறை போட்டு ஆள் வையுங்கள்.

களக்காட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. ஹெச்எம் சார், அண்ணாச்சி, இரண்டு பேர் எழுதியதையும் தாளில் எடுத்துவிட்டேன். இரண்டு சந்தேகம்.

ஒன்று, ஓட்டுப் போட்டுவிட்டு வருகிற ஆச்சி ஒருத்தர், "நான் ஒண்ணு அமுக்கினேன், சீட்டில் வேறொண்ணு வந்தது" என்று சத்தம் போட்டால் நான் என்ன செய்ய வேண்டும்? இரண்டு, நிரலன் சொன்ன தீர்ப்பில் இயந்திரத்தை இன்ஜினியரை வைத்துச் சோதிக்கக் கேட்கலாம் என்று படித்தேன், அதை எங்கள் வேட்பாளர் கேட்கலாமா?

நிரலன்_பாளை:

இரண்டாவதற்கு நான் பதில் சொல்கிறேன். கேட்க முடியாது, உங்கள் வேட்பாளர் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்தால் ஒழிய. முடிவு வந்த ஏழு நாளுக்குள், அந்த இரண்டு பேர் மட்டும், ஒரு சட்டமன்றத் தொகுதியில் 5 சதவீத இயந்திரங்களைத் தயாரித்த நிறுவனத்தின் இன்ஜினியர்களை வைத்துச் சோதிக்கச் சொல்லலாம். செலவு கேட்கிறவருடையது, 2024-ல் ஒரு செட்டுக்கு 40,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று வைத்தார்கள். இயந்திரத்தில் கை வைக்கப்பட்டிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். வாழை விவசாயிகள் நிறுத்திய ஒரு சுயேச்சைக்கு இது எட்டுகிற தொகையா? செய்தவரே தன் சரக்கைச் சோதிப்பதிலும் எனக்கு ஒப்புதல் இல்லை, வெளியிலிருந்து ஒரு குழு வேண்டும். சோதனை என்ற பேரில் பழைய பதிவை அழித்துவிட்டு மாக் போல் நடத்துவதாக வழக்கு வந்து, 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் எதையும் அழிக்கக் கூடாது, புதிதாக ஏற்றக் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. அது நீதிமன்றம் சொல்லித்தான் நடக்க வேண்டிய விஷயமா?

கண்காணிப்பு கேமரா பதிவும் அப்படியே. 2024 டிசம்பரில் தேர்தல் நடத்தை விதிகளில் விதி 93-ஐத் திருத்தி எந்தெந்த ஆவணத்தைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்பதைக் குறுக்கினார்கள். 2025 மே மாதம், வழக்கு இல்லை என்றால் 45 நாளில் பதிவுகளை அழித்துவிடலாம் என்று ஆணையம் அறிவுறுத்தல் அனுப்பியது. பெண்களின் தனியுரிமை, துஷ்பிரயோகம் என்று காரணம் சொன்னார்கள், அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஆனால் சந்தேகம் கூடுகிற நேரத்தில் பார்க்கிற வாசலை மூடினால் எவனும் நம்ப மாட்டான். இயந்திரம் சுத்தம் என்றே வைத்துக்கொண்டாலும் ஆணையத்தின் இந்த நடத்தையால்தான் உங்கள் சித்தப்பா மாதிரி ஆட்கள் கூடிக்கொண்டு போகிறார்கள்.

ஓய்வு_ஹெச்எம்_சேரன்மகாதேவி:

முதல் சந்தேகத்துக்கு: விதி 49எம்ஏ. அந்த ஆச்சி எழுத்துமூலம் சொல்ல வேண்டும். சொன்னதும் பிரிசைடிங் ஆபிசர் உங்களை எல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு அவரை ஒரு சோதனை ஓட்டு போடச் சொல்வார், சீட்டில் என்ன வருகிறது என்று எல்லோரும் பார்க்க வேண்டும். புகார் உண்மை என்றால் அதோடு வாக்குப்பதிவை நிறுத்தியாக வேண்டும். சரியாக விழுந்தால் அந்தச் சோதனை ஓட்டை 17சி-யில் தனியாகக் காட்டிக் கழிப்பார்கள், பொய்த் தகவல் கொடுத்தார் என்று ஆச்சி மேல் வழக்கு வரலாம், ஆறு மாதம் வரை சிறைக்கு இடமுண்டு.

இந்தத் தண்டனை விதி தவறு என்று நான் பணியில் இருந்தபோதே சொல்லியிருக்கிறேன். வேண்டுமென்றே கலாட்டா செய்ய வருகிறவனைத் தடுக்க வைத்ததாக இருக்கலாம், ஆனால் சீட்டு ஏழு நொடிதான் தெரியும், கண்ணாடி வழியாக, அறுபது எழுபது வயதுக்காரர்களுக்கு அது மங்கலாகத்தான் தெரியும், உண்மையாகவே சந்தேகப்பட்டவரும் "எதுக்கு வம்பு" என்று போய்விடுவார். புகாரே வரவில்லை என்று அப்புறம் கணக்குக் காட்டினால் அந்தக் கணக்குக்கு என்ன மதிப்பு? நீங்கள் செய்யக்கூடியது, முந்தின நாளே உங்கள் தெருப் பெரியவர்களிடம் "பட்டனை அமுக்கினதும் நகராதீங்க, கண்ணாடிக்குள்ள சின்னத்தைப் பார்த்துட்டு, பீப் சத்தம் கேட்டுட்டு வாங்க" என்று சொல்லி வைப்பது.

தேர்தல்_பணி_டீச்சர்:

படித்துக்கொண்டே வந்தேன், ஒன்று சொல்லாமல் போக மனசு வரவில்லை. நான் அரசுப் பள்ளி ஆசிரியை, அம்பாசமுத்திரம் பக்கம், ஒவ்வொரு தேர்தலுக்கும் பணி போடுவார்கள். எந்தப் பூத் என்பதே முந்தின நாள்தான் தெரியும். இயந்திரத்தைச் சுமந்துகொண்டு போய், ராத்திரி பெஞ்சில் படுத்து, காலையில் நாலு மணிக்கு எழுந்து, சாயங்காலம் வரைக்கும் கழிப்பறைக்குப் போகக்கூட நேரம் இல்லாமல் உட்கார்ந்து, இயந்திரத்தை ஒப்படைத்துவிட்டு வர நடுராத்திரி தாண்டும். இப்படி உழைத்தவர்களைப் பார்த்து "எல்லாம் திருட்டுக் கூட்டம்" என்று எழுதுவது நெஞ்சை அறுக்கிறது.

அதே சமயம் ஹெச்எம் சார் சொல்கிற குளோஸ், ரிசல்ட், கிளியர் தவறு ஏன் வருகிறது என்றால் இந்தக் களைப்பில்தான் வருகிறது. பயிற்சி வகுப்பில் நூற்றுக்கணக்கான பேருக்கு நாலைந்து இயந்திரம்தான் இருக்கும், பின்வரிசையில் உட்கார்ந்தவர்கள் தொட்டுக்கூடப் பார்க்காமல் போவார்கள். நம்பிக்கை வேண்டும் என்றால் முதலில் இங்கே செலவழியுங்கள், ஒரு பூத்துக்கு இரண்டு ஆள் கூட்டிப் போடுங்கள். களக்காட்டு அக்கா, உங்களைப் போல ஒரு ஏஜெண்ட் காலையில் ஐந்து மணிக்கு வந்து தாளில் எழுதிக்கொண்டு உட்கார்ந்தால் எங்களுக்குப் பயம் இல்லை, தெம்புதான். நான் பூஜ்யம் காட்டினேன் என்பதற்கு நாளைக்கு நீங்கள்தான் சாட்சி.

மானூர்க்காரன்:

எங்கள் மானூர் அம்பலநாதசுவாமி கோயிலில் பாண்டியர் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, ஊர்ச் சபையில் யார் உட்காரலாம், சபையில் வருகிற எல்லாவற்றுக்கும் வீம்புக்கு "கூடாது" என்று மறித்துக்கொண்டே இருக்கிறவனுக்கு ஐந்து காசு தண்டம், என்றெல்லாம் அதில் வருகிறது. உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டு எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதில் ஒரு சின்ன விவரத்தை யாரும் பேசுவதில்லை. சிறுவன் எடுத்துக் கொடுக்கிற ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், வாங்கிப் படித்துக் காட்ட வேண்டும், அங்கே இருக்கிற மற்றவர்களும் அதையே படிக்க வேண்டும். அவன் கைக்குள் வேறு ஓலை ஒளித்து வைக்கவில்லை என்று கூட்டம் பார்ப்பதற்குத்தான் அந்த விரல் விரிப்பு. மத்தியஸ்தனை யாரும் திருடன் என்று சொல்லவில்லை, இருந்தாலும் கையை விரித்துக் காட்டு என்று விதியில் எழுதி வைத்தார்கள். ஆணையம் இதைக் கேட்டுக் கோபப்பட என்ன இருக்கிறது?

காகிதச் சீட்டுக்கே திரும்பிவிடலாம் என்று சிலர் சொல்வதற்கும் ஒரு வார்த்தை. 2021 அக்டோபரில் நம் திருநெல்வேலி மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் காகிதத்தில்தான் நடந்தது, ஆளுக்கு நாலு நிறத்தில் நாலு சீட்டு. விடிய விடிய எண்ணினார்கள். முத்திரை கோட்டில் பட்டது, இரண்டு இடத்தில் பட்டது என்று செல்லாத ஓட்டு எத்தனை, அதை வைத்து எத்தனை சண்டை. வார்டில் ஒன்றிரண்டு ஓட்டில் தோற்றவர்களுக்குச் செல்லாத ஓட்டின் அருமை தெரியும். எனக்கு இயந்திரம் இருக்கட்டும், கூடவே சீட்டையும் எண்ணட்டும்.

திசையன்விளை_அண்ணாச்சி:

மானூர்த் தம்பி, சரியாகச் சொன்னீர்கள். கூடுதலாக ஒன்று. சீட்டை எண்ணச் சொல்லி வேட்பாளர் எழுதிக் கேட்க விதி 56டி-யில் இடம் இருக்கிறது, தேர்தல் அதிகாரிதான் முடிவு செய்வார், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். எண்ணினால் இயந்திரக் கணக்கும் சீட்டுக் கணக்கும் மாறினால் சீட்டுதான் செல்லும். வித்தியாசம் குறைவாக வந்தால் எண்ணும் இடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்னாலேயே மனு கொடுத்துவிட வேண்டும், வாயால் கேட்டது எங்கேயும் நிற்காது. உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட முடிவு வந்ததிலிருந்து 45 நாள். கேமரா பதிவும் அதே 45 நாள்தான் என்று தம்பி சொன்னார், ஆகவே கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள்.

களக்காட்டுக்காரி:

இதை எல்லாம் ஒரே தாளாக்கி, களக்காடு, நாங்குநேரி, ஏர்வாடிப் பக்கம் எந்தக் கட்சி ஏஜெண்ட் கேட்டாலும் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். கட்சி பார்க்கப் போவதில்லை, எல்லாப் பூத்திலும் எல்லோரும் ஐந்து மணிக்கே இருந்தால் நல்லதுதானே. சித்தப்பாவையும் மாற்று ஏஜெண்டாகப் போட்டுவிட்டேன், முனகிக்கொண்டே சம்மதித்திருக்கிறார்.

ஹெச்எம் சார், கடைசியாக ஒன்று. சாயங்கால அவசரத்தில் "17சி அப்புறம் தருகிறேன், இப்போ கையெழுத்துப் போடுங்க" என்று சொன்னால்?

ஓய்வு_ஹெச்எம்_சேரன்மகாதேவி:

போடாதீர்கள். பெற்றுக்கொண்டேன் என்று உங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு நகலைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் விதி 49எஸ், ஆகவே நகலைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். பஸ் வந்து நிற்கிறது, சோனல் ஆபிசர் கத்துகிறார் என்பார்கள், நானும் அந்த அவசரத்தில் இருந்தவன்தான், ஆனாலும் ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட முடியும். மரியாதையாக, "சார், நகல் வந்ததும் போட்டுவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழாமல் இருங்கள்.

கைக்கு வந்ததும் மூன்று இயந்திர எண், பச்சை சீல் எண், மொத்த ஓட்டு, இவை நீங்கள் காலையிலிருந்து எழுதி வைத்ததோடு ஒத்துப் போகிறதா என்று அங்கேயே பாருங்கள். அடித்துத் திருத்திய இடம் இருந்தால் பிரிசைடிங் ஆபிசரின் சுருக்கொப்பம் கேளுங்கள். பூத்துக்குள் செல்போன் கூடாது, அதனால் வீட்டுக்கு வந்ததும் படம் எடுத்து, உங்கள் தொகுதி எண்ணிக்கை முகவருக்கு அன்று ராத்திரியே அனுப்பிவிட்டு, மூலத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.